சொன்னவர் பெயரைச் சொல்லுதல்

பட்டப் படிப்பிலே சேர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், தம் ஒப்படைப்புகளைத் தாளில் எழுதி, நூலிட்டுக் கட்டி, துறை அலுவலகத்தின் வாயிலில் வரிசையாக நிற்கும் காட்சி இன்று அருகி வருகிறது. கணினியிலோ கைப்பேசியிலோ எழுதுகிறார்கள்; கல்லூரியின் இணையவழி வகுப்பறையில் கோப்பாகப் பதிவேற்றிவிடுகிறார்கள். 2002ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த மூடுல், 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் ஆகியன இதற்கென்றே அமைந்தவை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிகள் அடைபட்டபோது, அதுகாறும் இவற்றைக் கேள்விப்பட்டிராத சிற்றூர்க் கல்லூரிகளும் இவ்வழிக்கு வந்து சேர்ந்தன.

இவ்வாறு அனுப்பும்போது, பல பல்கலைக்கழகங்களின் தளங்களில் ஒரு சிறிய கட்டம் தோன்றும். இந்த எழுத்து என்னுடையதே. பிறரிடமிருந்து எடுத்த இடங்களில் அவர் பெயரைக் குறித்திருக்கிறேன் என்னும் பொருள்பட அதனருகே ஓர் உறுதிமொழி இருக்கும். கட்டத்தில் குறியிட்டாலன்றிக் கோப்பு நகராது. நள்ளிரவுக் கெடுவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த வாசகத்தை முழுவதும் படித்துவிட்டுக் குறியிடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அப்பிள்ளைகளுக்கே வெளிச்சம். ஆனால் குறியிட்டது குறியிட்டதுதான். அது ஒரு வாக்குமூலம்.

இவ்வாக்குமூலம் ஏதோ மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த சடங்கு என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. இது நீ கற்றதா, கண்டெடுத்ததா, யாரிடமிருந்து பெற்றாய் என்னும் கேள்விகளை பக்தாதிலும் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் நூற்றாண்டுக் கணக்கில் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நில்லாமல், அதற்கென ஒரு முறையையும் வகுத்திருக்கிறார்கள். அதை நாம் சற்றே விரிவாக நோக்குவோம்.

ஹிஜ்ரி 643 (கி.பி. 1245)இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் டமாஸ்கஸின் தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யாவில் ஆசிரியராக விளங்கியவர்கள். ஹதீஸ் கலையின் விதிகளைத் தொகுத்த அவர்களுடைய நூலில், ஒருவர் ஒரு செய்தியை அல்லது ஒரு நூலைப் பெறும் வழிகள் எட்டாக வகுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் வாயிலிருந்து நேரே செவிமடுப்பது முதலாவது. மாணவர் படிக்க ஆசிரியர் கேட்பது அடுத்தது. இதற்கு அர்ழு, அதாவது முன்வைத்தல் என்றும் பெயர் உண்டு. இஜாஸா என்னும் அனுமதி, முனாவலா என்னும் கையளிப்பு என்று அது தொடர்ந்து செல்லும். முனாவலாவில் ஒரு வகை நம் கருத்தைக் கவர்கிறது. மாணவர் தாம் எழுதிய படியை ஆசிரியரிடம் ஒப்படைப்பார். ஆசிரியர் அதைப் புரட்டி, ஆராய்ந்து, இது என்னிடமிருந்து வந்ததுதான், இனி இதை நீர் அறிவிக்கலாம் என்று திருப்பித் தருவார். ஒப்படைப்பு என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதையைக் காண்பதரிது.

படி சரிதானா என்று மூலத்தோடு ஒப்புநோக்கும் வேலைக்கு முகாபலா என்று பெயர். இதற்கு அக்காலத்து எழுத்தாளர்கள் கையாண்ட ஓர் எளிய உத்தி உண்டு. ஒரு செய்தி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் சிறு வட்டம் இடுவார்கள். ஒப்புநோக்கி முடித்த பின்னரே அவ்வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள். வெறும் வட்டமாக இருப்பின் அப்பகுதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். இம்முறையைப் பரிந்துரைத்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 463 (கி.பி. 1071)இல் மறைந்தவர்கள்.

அதனினும் வியப்புக்குரியவை டமாஸ்கஸின் கேள்விச் சான்றுகள். ஒரு நூல் அவையில் படிக்கப்பட்டால் அந்நூலின் ஓரத்திலோ கடைசி ஏட்டிலோ அதைக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதப்படும். படித்தவர் யார், எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை அமர்வுகளில் என்பன அதில் இருக்கும். இடையில் எழுந்து சென்றவரின் பெயருக்குப் பக்கத்தில், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை இவருக்குத் தவறிவிட்டது என்று எழுதுவார்கள். தூங்கி வழிந்தவர் தூங்கினார் என்றே குறிக்கப்படுவார். மிகச் சிறு பிள்ளைகளைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ‘கேட்டார்’ என எழுதாமல் ‘வந்திருந்தார்’ என்று மட்டும் எழுதுவார்கள். இத்தகைய சான்றுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் எஞ்சியுள்ளன. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகத் தூங்கியவரைக் கேட்டவராக்கி எழுதும் எழுத்தர், தம் நம்பகத்தையே இழப்பார்.

எட்டு வழிகளில் கடைசியானது விஜாதா. அதன் பொருள் கண்டெடுத்தல். ஆசிரியர் இல்லை; அனுமதி இல்லை; ஒரு நூல் கைக்குக் கிடைத்தது, அதில் இப்படி இருந்தது, அவ்வளவே. இதை அவர்கள் தடை செய்துவிடவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்னாருடைய கையெழுத்தில் இப்படிக் கண்டேன் என்று சொல்லுங்கள், இன்னார் எனக்குச் சொன்னார் என்று சொல்லாதீர்கள் என்றார்கள். இன்று இணையத்தில் நம் பிள்ளைகள் தேடி எடுப்பன எல்லாம் ஏறக்குறைய விஜாதாதான். கண்டெடுப்பதில் குற்றமில்லை. கண்டெடுத்ததைக் கற்றதாகக் காட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படிக் காட்டுவதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: தத்லீஸ். வணிகத்தில் சரக்கின் குறையை மறைப்பதைக் குறிக்கும் சொல் இது. தாம் நேரில் கேளாத ஒன்றை, இடையில் இருந்தவரின் பெயரை விழுங்கிவிட்டு, மேலே உள்ள பெரியவரிடமிருந்தே பெற்றதுபோல் தோன்றும் சொற்களால் அறிவிப்பது தத்லீஸ் ஆகும். வெளிப்படையான பொய் இராது. ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் இருக்கும். ‘கேட்டேன்’ என்று இராது. கேட்பவர் தாமே தவறாக விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் தந்திரம் இது. பஸராவின் ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்கள் இதை எவ்வளவு கடுமையாக வெறுத்தார்கள் என்பதை இக்கலை பயின்றோர் அறிவர்.

நமது அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்குத் தஃப்ஸீர் ஜலாலைன் புதிதன்று. இரண்டு ஜலாலுத்தீன்கள் எழுதியமையால் அப்பெயர் வந்தது. ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) அவர்கள் கஹ்ஃபு அத்தியாயத்திலிருந்து இறுதி வரை எழுதி, ஃபாத்திஹாவுக்கும் விளக்கம் எழுதிய நிலையில் ஹிஜ்ரி 864 (கி.பி. 1459)இல் மறைந்தார்கள். எஞ்சிய முற்பாதியை ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 870இல், நாற்பது நாள் அளவில் எழுதி நிறைவு செய்தார்கள். அப்போது அவர்களுக்கு அகவை இருபத்திரண்டுக்கு மேல் இராது. நடையிலும் அளவிலும் ஆசிரியரை அடியொற்றியே எழுதினார்கள். பெயர் சொல்லாது விட்டிருந்தால் தையல் தெரியாது. ஆயினும் தமது பகுதி எங்கே முடிகிறது என்பதை இஸ்ரா அத்தியாயத்தின் இறுதியில் எழுதிவைத்தார்கள். நாற்பது நாள் உழைத்த இளைஞர் தம் பங்கை மிகைப்படுத்தவுமில்லை, ஆசிரியரின் பங்கில் கைவைக்கவுமில்லை.

அதே ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் முதுமையில் ஒரு வழக்கைத் தொடுத்தார்கள். கெய்ரோவில் அவர்களுடைய காலத்தவரான இமாம் கஸ்தல்லானீ (ரஹ்) அவர்கள், ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ என்னும் புகழ்பெற்ற நூலையும் புகாரீக்குரிய பெருவிரிவுரையையும் எழுதியவர்கள். தம் நூல்களிலிருந்து எடுத்து, தம் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறார் என்பது ஸுயூத்தியவர்களின் முறையீடு. ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்) அவர்களின் முன்னிலையில் வழக்கு வந்ததாகப் பிற்கால வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சான்று என்ன என்று கேட்கப்பட்டபோது ஸுயூத்தியவர்கள் சொன்னது இதுதான்: இவர் பல இடங்களில் இமாம் பைஹகீயிடமிருந்து எடுத்ததாக எழுதுகிறார், பைஹகீக்கு நூல்கள் பல உண்டு, எந்த நூலில் பார்த்தார் என்று சொல்லட்டும். கஸ்தல்லானீயவர்களால் சொல்ல இயலவில்லை. என் நூலில் கண்டீர்கள்; நானோ பைஹகீயிடம் கண்டேன்; பைஹகீயிடமிருந்து ஸுயூத்தி எடுத்துக் காட்டியதாக நீங்கள் எழுதியிருக்க வேண்டும் என்றார்களாம்.

அதன் பின்னர் கஸ்தல்லானீயவர்கள், ஸுயூத்தியவர்களின் மனத்தாங்கலைத் தீர்க்க விழைந்து, நைல் ஆற்றின் ரவ்ழாத் தீவில் இருந்த அவர்களின் இல்லத்துக்குக் கெய்ரோவிலிருந்து நடந்தே சென்றார்கள் என்றும், வெறுங்காலுடனும் வெறுந்தலையுடனும் கதவைத் தட்டினார்கள் என்றும், உள்ளிருந்தவாறே ஸுயூத்தியவர்கள் என் மனம் தெளிந்துவிட்டது என்று கூறினார்களேயன்றிக் கதவைத் திறக்கவில்லை என்றும் எழுதப்பட்டுள்ளது.

வாசகர்கள் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கஸ்தல்லானீயவர்கள் எழுதிய செய்தியில் பிழை இல்லை. பைஹகீ சொன்னதைத்தான் எழுதினார்கள். பைஹகீயின் பெயரையும் சொன்னார்கள். முறையீடு அவர்கள் நடக்காத வழியை நடந்ததாகக் காட்டியதைப் பற்றியது. அடிக்குறிப்பில் பத்து ஆங்கில நூல்களின் பெயரை வரிசையாக அடுக்கி, அவற்றில் ஒன்றையும் கண்ணால் காணாத மாணவரின் நிலை இதுவே. ஒரே ஒரு கட்டுரையைப் படித்து அதிலிருந்த அடிக்குறிப்புகளை அவர் பெயர்த்தெடுத்திருப்பார்.

இதைச் சொல்லும்போது மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. ஸுயூத்தியவர்கள்மீதே இக்குற்றச்சாட்டு சுமத்தப்பட்டிருந்தது. அவர்களுடைய காலத்துப் பெரும் வரலாற்றாசிரியரான ஸகாவீ (ரஹ்) அவர்கள், ஸுயூத்தி பிறர் நூல்களை எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டார் என்று தம் வரலாற்றுத் தொகுதியிலே எழுதினார்கள். ஸுயூத்தியவர்கள் மறுப்பு நூல் எழுதினார்கள். ஆசிரியர் எவர், திருடியவர் எவர் என்று பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு தனிச் சிற்றேடும் எழுதினார்கள். பூசல் காரசாரமானது, இரு தரப்பாரும் பெரியவர்கள், இதில் தீர்ப்புக் கூற நாம் யார்? திருட்டுக் குற்றச்சாட்டு என்பது எக்காலத்திலும் எளிதில் வீசத்தக்க கல்லாகவும் இருந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம். இயந்திரம் அக்கல்லை வீசும் இக்காலத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாணவர்கள் நால்வர் 1998இல் நிறுவிய நிறுவனத்திலிருந்து உருவானது டர்னிட்டின் மென்பொருள். மாணவர் அனுப்பும் கோப்பை இணையப் பக்கங்களோடும், இதழ்களோடும், முன்னர் அனுப்பப்பட்ட மாணவர் எழுத்துகளோடும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று விழுக்காட்டில் சொல்லும். முகாபலாவை இயந்திரம் செய்கிறது எனலாம். தங்கள் எழுத்தை விருப்பமின்றிச் சேமித்து வைக்கிறார்கள் என்று நான்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அது நியாயமான பயன்பாடே என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2019இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 175 கோடி டாலருக்குக் கைமாறியது. பிறர் எழுத்தைக் காக்கும் தொழில் இவ்வளவு பெருந்தொழிலாகிவிட்டது!

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரையானால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக்கூட அளிக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகப் பெயர் குறித்து மேற்கோள் காட்டிய பகுதிகள் இக்கணக்கில் சேரா. பொதுவாக எவரும் எழுதக்கூடிய சொற்றொடர் பதினான்கு சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்திருந்தாலும் அது விலக்கே. ஆனால் இவ்விதிகளைக் கூர்ந்து படித்தால் ஒரு செய்தி தென்படும். வகுப்பு ஒப்படைப்புகள், பருவக் கட்டுரைகள், விடைத்தாள்கள் ஆகியன இவ்விதிகளின் வரையறைக்கு வெளியே விடப்பட்டுள்ளன. பட்ட வகுப்புப் பிள்ளையின் ஒப்படைப்பு, அந்தந்தக் கல்லூரியின் கட்டுப்பாட்டுக்கும் ஆசிரியரின் கண்ணுக்கும் பிள்ளையின் மனச்சான்றுக்குமே விடப்பட்டிருக்கிறது.

விழுக்காட்டைப் பற்றி ஒரு மயக்கம் பரவியுள்ளது. பத்துக்குக் கீழே வந்துவிட்டால் தூய்மை, மேலே போனால் திருட்டு என்று பிள்ளைகளும், ஏன், சில ஆசிரியர்களும் எண்ணுகிறார்கள். சொற்களை இடம் மாற்றி, ஒரு சொல்லுக்கு மறுசொல் போட்டு, எண்ணிக்கையைக் குறைத்துத் தருவதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இயந்திரம் அளப்பது ஒப்புமையை. அது களவை அளப்பதன்று. ஜலாலைனை அதில் இட்டால் என்னாகும்? திருவசனங்களோடு விளக்கம் இழையோடும் நூலாதலால் பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் பூசித் தந்துவிடும். கஸ்தல்லானீயவர்கள்மீது சுமத்தப்பட்ட குறையையோ அது காணவே காணாது. பைஹகீயின் பெயர்தான் முறையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதே!

காசு கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரையையும் அது காணாது. அது புதிதாக எழுதப்பட்டதல்லவா? இந்தத் தொழில் உலகளாவியது. பணம் பெற்று ஒப்படைப்பு எழுதித் தருவதை இங்கிலாந்து 2022இல் சட்டத்தால் குற்றமாக்கிற்று. ஆஸ்திரேலியா அதற்கு முன்னரே, 2020இல். நம் ஊர்களில் பல்கலைக்கழக வாயிலை அடுத்த நகலகங்களில் சென்ற ஆண்டு மாணவரின் செயல்திட்ட அறிக்கையே பெயர் மாற்றி அச்சாகித் தங்க எழுத்து அட்டையோடு வெளிவருவது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. இதில் பெற்றோரின் பங்கையும் நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. வளைகுடாவில் வியர்வை சிந்தும் தந்தை அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இதற்கும் செலவாகிறது. தம்பியின் ஒப்படைப்பை அக்காள் எழுதித் தருவது அன்பின் பெயரால் நடக்கிறது. அக்காள் உதவலாம், படித்துப் பார்த்துப் பிழை சொல்லலாம், எழுதியவராகிவிடக் கூடாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. கேட்டவுடன் பக்கம் பக்கமாக எழுதித் தரும் இக்கருவி, இல்லாத நூல்களையும் இருப்பனபோல் மேற்கோள் காட்டும். 2023இல் நியூயார்க்கு நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர்கள் அளித்த மனுவில் அது இட்டுக்கட்டிய தீர்ப்புகள் மேற்கோளாக இடம்பெற்றிருந்தன. அத்தீர்ப்புகளின் படிகளைக் கொண்டு வாருங்கள் என்றார் நீதிபதி. எங்கிருந்து கொண்டு வருவது? 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எந்த நூலில் பார்த்தீர் என்று கெய்ரோவில் கேட்கப்பட்ட கேள்வியே அங்கும் கேட்கப்பட்டது.

இதற்கு மறுமருந்தாக, எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும் கருவிகள் வந்தன. டர்னிட்டின் 2023 ஏப்ரலில் இவ்வசதியைச் சேர்த்தது. இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தம் கையாலேயே எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அக்கருவிகள் கூறிவிட்டன. அளவான சொற்களால், பாடநூல் ஒழுங்கில் எழுதும் ஆங்கிலம் அவற்றுக்கு இயந்திர ஆங்கிலமாகத் தோன்றியிருக்கிறது. அளவான சொற்களால் ஆங்கிலம் எழுதுவோர் யார்? தமிழ்வழிப் பள்ளியில் பயின்று கல்லூரிக்கு வந்த நம் பெண்மக்களும் ஆண்மக்களும்தாம். சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவி போதிய துல்லியம் உடையதன்று என்று கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அடுத்த மாதமே டர்னிட்டினின் அவ்வசதியை நிறுத்திவைத்தது.

ஆகவே நேர்மையாக எழுதும் பிள்ளைக்கு நேர்மை மட்டும் போதாது. தான் நடந்த வழியின் தடத்தையும் வைத்திருக்க வேண்டும். குறிப்பெடுத்த தாள்கள், முதல் வரைவு, திருத்தங்கள், நூலகத்தில் எடுத்த நூலின் பக்க எண் ஆகியவற்றை மதிப்பெண் வரும் வரை எறியலாகாது. இணைய ஆவணத்தில் எழுதினால் எந்த நாளில் எந்த வரி எழுதப்பட்டது என்பது பதிப்பு வரலாற்றில் தானே பதிவாகிவிடுகிறது. டமாஸ்கஸின் கேள்விச் சான்று போன்றதுதான் அதுவும். எத்தனை அமர்வு, எங்கே விட்டுப்போயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த ஆசிரியர் இசைந்திருந்தால், எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை ஒப்படைப்பிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். இசைந்தாரா என்பது தெளிவில்லையானால் அனுப்புமுன் கேட்டுவிடுவதே முறை.

ஆசிரியர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல விழைகிறோம். கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் ஒருமுறை, கைபர் வாசிகளுக்கு வரிவிலக்களித்து நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் ஆவணம் கொண்டுவரப்பட்டது. பார்த்தவுடன் பொய் என்றார்கள். காரணம் கேட்டபோது, சாட்சியாக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது. கைபர் வெற்றி ஹிஜ்ரி 7இல், அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ அதற்கு அடுத்த ஆண்டு மக்கா வெற்றியின்போது. மற்றொரு சாட்சியான ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் கைபருக்கு ஈராண்டு முன்னரே மறைந்துவிட்டார்கள் என்று விளக்கினார்கள். தாளைத் தடவியோ மையை முகர்ந்தோ அவர்கள் முடிவு கட்டவில்லை, பொருளை அறிந்திருந்தார்கள். அதுபோன்றே, பக்தாதில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, அறிவிப்பாளர் தொடர்களை மாற்றிக் கோத்த நூறு ஹதீஸ்களைச் சொல்லிச் சோதித்த நிகழ்ச்சியை நம் குழந்தைகளும் அறிவர். அது ஒரு வாய்மொழித் தேர்வு. அங்கே கேட்டவர்களும் தாம் கேட்பது இன்னதென்று அறிந்தே கேட்டார்கள்.

உலகின் பல பல்கலைக்கழகங்கள் இப்போது மீண்டும் வாய்மொழித் தேர்வையும் வகுப்பறையில் கையால் எழுதும் தேர்வையும் நாடி வருகின்றன. நம் கல்லூரிகளில் அறுபது பேர் கொண்ட வகுப்பில் இது இயலுமா என்று கேட்பர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரு பருவத்துக்கு ஒருமுறை. நீ இதில் குறித்திருக்கும் நூலை எங்கே பார்த்தாய், அதில் எந்தப் பகுதி, அவர் சொன்னதில் உனக்கு உடன்பாடில்லாதது ஏதேனும் உண்டா என்ற மூன்று கேள்விகள் போதும். தமிழிலேயே கேட்கலாம், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் தான் உண்மையில் படித்த நூலைப் பற்றித் தமிழில் தடுமாறாது சொல்லும்.